மலையும் மேகமும் தலைப்பில் மட்டும்தானா? சீன ஓவியமும் சேம்பர் இசையும்

நெய்தல்நாடன்

இந்தப் பிரிவில் சீன இசையமைப்பாளர்களுக்கென்று இதுவரை ஓர் இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நாலைந்து பேர், அதிகம் போனால் ஒன்பது பேர் உட்கார்ந்து வாசிக்கும் சேம்பர் இசை, அதிலும் மலையும் நீரும் தீட்டும் சீன இயற்கைக்காட்சி (மலைநீர்) ஓவியங்களிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுபவை. ஓவியம் உண்மையிலேயே இசைக்குள் வருகிறதா, இல்லை தலைப்போடு நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

இசையமைப்பாளர் சௌ வென்-சுங் (1923–2019) சீனாவின் யான்டாயில் பிறந்தவர். 1946-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போனவர், அதைக் கைவிட்டு பாஸ்டனில் இசை படிக்கச் சேர்ந்தார். அப்போது சீன மெட்டுகளை எடுத்து ஃப்யூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் மேற்கத்திய முறை) வடிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவற்றைச் செக் இசையமைப்பாளர் மார்ட்டினுவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, படித்துக்கொண்டே வந்த மார்ட்டினு ஓர் இடத்தில் நிறுத்தி, "ஏன்?" என்று மட்டும் கேட்டாராம். சௌவிடம் பதில் இல்லை. ஐந்து சுர மெட்டுக்கு மேற்கத்திய உடுப்பு மாட்டும் வேலை அத்தோடு முடிந்தது. 1949 முதல் நவீன இசையமைப்பாளர் எட்கர் வரேஸிடம் படித்தார். சீன இசையின், ஓவியத்தின் அடிப்படைகளைத் திரும்பப் போய்ப் படித்தார்.

என் கட்சி இதுதான். அவர் ஓவியத்தில் இருக்கும் மலையை இசையில் வரையவில்லை. ஓவியர் மலையைப் பார்த்த விதத்தை எடுத்துக்கொண்டார். சீன ஓவியர் குவோ ஷி 1072-ல் வரைந்த 'இளவேனில் தொடக்கம்' தைப்பேயில், தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலைக்கு மூன்று தொலைவுகள் உண்டென்பது அவர் கருத்து: அடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலைக்குள் எட்டிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலைகளைப் பார்ப்பது. மூன்றும் ஒரே பட்டில் இருக்கின்றன. நாம் நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று அதில் கிடையாது. நீளச் சுருள் ஓவியமானால் கேட்கவே வேண்டாம், ஒரு கைநீளம் விரித்துப் பார்த்து, வலப்பக்கம் சுருட்டிக்கொண்டே அடுத்த கைநீளத்துக்குப் போக வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சௌவின் 'விண்ட்ஸ்வெப்ட் பீக்ஸ்' (1990) கேளுங்கள். வயலினும் செல்லோவும் ஒரு ஜோடி, கிளாரினெட்டும் பியானோவும் இன்னொரு ஜோடி. பாட்டு ஒருவருக்கு, பக்கவாத்தியம் மற்றவருக்கு என்ற பங்கீடே இல்லை. முன்னால் இருந்தது எப்போது பின்னால் போனது என்று சொல்ல முடியாதபடி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மறுதலை

நல்ல இழை. ஆனால் எனக்கு இதில் நீண்ட நாள் சந்தேகம் உண்டு. மேகங்கள், ஓடைகள், சிகரங்கள், பள்ளத்தாக்கு: இப்படித் தலைப்பு வைத்துவிட்டால் நாம் மேகத்தைக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். தலைப்பையும் கச்சேரிக் குறிப்பேட்டையும் மறைத்துவிட்டு அதே 'விண்ட்ஸ்வெப்ட் பீக்ஸ்' பதிவை ஒருவரிடம் கொடுத்தால், வரேஸின் மாணவர் எழுதிய கடினமான நவீன இசை என்று சொல்வாரே தவிர, சீன ஓவியம் என்று சொல்ல மாட்டார்.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் "நிற்க இடமில்லாத பார்வை" இருபதாம் நூற்றாண்டின் பாதி இசைக்குப் பொருந்தும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னுக்கும் பொருந்தும். சீன ஓவியத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு இசைக்குள்ளேயே ஓர் ஆதாரம் வேண்டாமா?

கார்குழலி

மறுதலை கேட்பது நியாயமான கேள்வி. ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது சிகரத்திலும் மேகத்திலும் கிடைக்காது. விரலில் கிடைக்கும்.

நான் வீணை வாசிக்கிறவள், அதனால் குச்சின் என்ற பழைய சீன நரம்பு வாத்தியத்தின் மேல் எனக்குத் தனி ஈர்ப்பு. ஏழு நரம்பு, கீழே வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டை எதுவும் கிடையாது. அரக்கு பூசிய பலகைதான். ஓரத்தில் 13 சிப்பிப் புள்ளிகள், இடம் தெரிவதற்காக. வலது கை மீட்டும், இடது கட்டைவிரலும் மோதிர விரலும் நரம்பை அழுத்தியபடி பலகை மேலேயே வழுக்கிப் போகும். வீணையில் நாங்கள் மெட்டுக்கட்டையின் மேல் நரம்பை இழுத்துக் கமகம் பிடிக்கிறோம், மீட்டிய ஒலி அடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். குச்சினில் ஒலி அடங்கிய பிறகும் விரல் நகர்கிறது. நரம்பில் விரல் தோல் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும், சில இடங்களில் அதுவும் இருக்காது. ஆனாலும் அந்த நகர்வு பாட்டின் பகுதிதான், குறிமானத்தில் (இசையை எழுதிவைக்கும் முறையில்) எழுதியே இருக்கிறது.

அந்தக் குறிமானமும் விசித்திரம். எந்த விரல், எந்த நரம்பு, எந்தப் புள்ளி, எப்படி அசைக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். எவ்வளவு நேரம் என்பது இருக்காது. பழைய சுவடியிலிருந்து ஒரு பாட்டை எழுப்புகிறவர் காலக் கணக்கைத் தானே தேட வேண்டும்.

இப்போது சௌவின் 'யூ கோ' (1965) எடுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாவோ மின்சோங் அமைத்த குச்சின் பாட்டு, மீனவர் பாட்டு என்று பெயர். அதை ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்: ஆல்ட்டோ புல்லாங்குழல், இங்கிலிஷ் ஹார்ன், பாஸ் கிளாரினெட், இரண்டு டிராம்போன், வயலின், பியானோ, இரண்டு தாளவாத்தியக்காரர்கள். மெட்டை எடுத்து ஒத்திசைவு சேர்க்கும் வேலை அதில் இல்லை. குச்சினில் ஒரு சுரம் தொடங்கும் விதம், அசையும் விதம், தேயும் விதம் ஒவ்வொன்றையும் வேறு வேறு வாத்தியத்துக்குக் கொடுத்திருக்கிறார். 'த வில்லோஸ் ஆர் நியூ' (1957) இன்னும் சுலபமாகப் பிடிபடும், பியானோ மட்டும்தான். பியானோவில் சுரத்தை வளைக்க முடியாதே, என்ன செய்வது? அடுத்தடுத்த அரைச் சுரங்களை வேறு வேறு ஸ்தாயியில் உரச விடுகிறார். அடிக்கட்டைகளில் அந்த உரசல் வரும்போது எனக்குப் பலகை மேல் போகும் விரல்தான் கேட்கிறது.

தூரிகையின் அழுத்தமும் இதே ரகம்தான். கோடு எங்கே போகிறது என்பதைவிட, போகும்போது மை எங்கே கனக்கிறது, எங்கே உலர்ந்து இழைகிறது என்பதைப் பார்க்கிறார்கள். புல்லாங்குழலும் பியானோவும் வாசிக்கும் 'கர்சிவ்' (1963) என்ற படைப்புக்கு, வேகமாக எழுதும் சீனக் கையெழுத்துக் கலையே அடிப்படை.

புதுச்செவி

அக்கா, அருமையா சொன்னீங்க. நான் இந்த மாதிரி இசை ஒண்ணுகூட முழுசா கேட்டதில்லை. 'யூ கோ'வை நேத்து ராத்திரி போட்டேன், நாலு நிமிஷத்துல நிறுத்திட்டேன். பிடிக்கலைன்னு இல்ல, எதைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கணும்னு தெரியல. எங்க ஆரம்பிக்கலாம்?

சிராங்கூன்வாசி

புதுச்செவிக்கு யாராவது வரிசை போட்டுக் கொடுங்கள். அதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இழை ஒரே பக்கமாகச் சாய்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் படித்தவர்கள் உலகம். குச்சின், மைத்தூரிகை, கவிதை, மலையில் தனிமை. நான் சிங்கப்பூரில் வளர்ந்தவன். ஏழாம் சீன மாதம் வந்தால் பேட்டைக்குப் பேட்டை கொட்டகை போட்டுத் தெருக்கூத்து நடக்கும், ஆவிகளுக்காக. முன்வரிசை நாற்காலியைக் காலியாக விட்டிருப்பார்கள். சேகண்டியும் தாளமும் கேட்டால் அடுக்குமாடியில் பத்தாவது மாடி வரை அதிரும். சீன நாட்டுப்புற ஒலி என்றால் எனக்கு அதுதான். அதற்கும் 'இளவேனில் தொடக்க'த்துக்கும் என்ன உறவு?

சௌவுக்கு அடுத்த தலைமுறை இந்த ஒலியோடுதான் வந்தது. கலாசாரப் புரட்சி அவர்களைக் கிராமத்துக்கு அனுப்பியது. டான் டுன் ஹூனானில் நெல் நட்டார், ஊர்க்காரர்களைச் சேர்த்து வாசித்தார், பிறகு பீக்கிங் ஓபரா குழு ஒன்றில் இருந்தார். பிரைட் ஷெங் ஏழு ஆண்டுகள் சிங்ஹாயில், திபெத் எல்லையோரம். ஜோ லோங் அரசுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். சென் யீ மலை மேல் கல் சுமந்தார், வயலினையும் கூடவே கொண்டுபோயிருந்தார். 1978-ல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரி மறுபடி திறந்து மாணவர்களைச் சேர்த்தபோது உள்ளே வந்தவர்களில் டான் டுன், சென் யீ, ஜோ லோங் மூவரும் உண்டு. பின்னால் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் அதே சௌ.

டான் டுனின் 'கோஸ்ட் ஓபரா' (1994) கேளுங்கள், முடிந்தால் பாருங்கள். க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்திக் குழுவுக்கும், பிப்பா என்ற சீன நரம்பு வாத்தியம் வாசிக்கும் வூ மானுக்கும் எழுதியது. தண்ணீர்க் கிண்ணம், கல், காகிதம், உலோகம் எல்லாம் வாத்தியம். வாசிப்பவர்கள் இடம் மாறுகிறார்கள், குரல் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் பாக்கின் சி ஷார்ப் மைனர் ப்ரெலூட், இன்னொரு பக்கம் 'சியாவ் பாய் சாய்' என்ற நாட்டுப்புறப் பாட்டு, தாயில்லாப் பிள்ளை அழும் பாட்டு. இதில் மலையும் இல்லை, மூடுபனியும் இல்லை.

தூரிகை

சிராங்கூன்வாசி, உங்கள் பிரிவினை பாதிக்கு மேல் சரி. ஆனால் ஓவியத்தின் பக்கத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குவோ ஷி மலையில் தனியாக வாழ்ந்த அறிஞர் இல்லை, ஷென்சோங் பேரரசரின் அரண்மனை ஓவியர். 'இளவேனில் தொடக்கம்' அரண்மனைக்கு வேண்டிய ஒழுங்கோடு வரையப்பட்ட மலை. எனவே "படித்தவர் தனிமை" என்று எல்லா மலைநீர் ஓவியத்தையும் ஒரே கூடையில் போட முடியாது.

ஆனால் இசையோடு ஓவியம் சேர்ந்த கதை பழையது. ஓவியர் சோங் பிங் (375–443) முதுமையில் நோய்வாய்ப்பட்டு மலையேற முடியாமல் போனபோது, தான் போய்வந்த மலைகளைச் சுவரில் வரைந்துவைத்து, அவற்றின் முன் உட்கார்ந்து குச்சின் வாசித்தார், மலைகளெல்லாம் எதிரொலிக்க வேண்டும் என்பதற்காக. மறுதலை கேட்கும் தொடர்பு சௌ கண்டுபிடித்தது இல்லை, பதினைந்து நூற்றாண்டுகளாக இருப்பது.

நான் ஓவியம் கற்றுக்கொள்கிறவன். எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. சீன ஓவியத்தில் காலி இடம் உண்டு, ஆகவே இசையில் மௌனம் என்று எல்லாக் கச்சேரிக் குறிப்புகளும் எழுதுகின்றன. அப்படி நேராகப் பொருத்த முடியாது. ஓவியத்தின் காலி இடம் அங்கேயே இருக்கும், பத்து முறை திரும்பிப் பார்க்கலாம். சுற்றியிருக்கும் பாறையை மை எங்கே நிறுத்துகிறதோ அதுதான் பனிக்கு உருவம் கொடுக்கிறது. இசையில் இடைவெளி வந்தால் போய்விட்டது. கார்குழலி சொன்ன அந்தத் தேயும் ஒலிதான் உண்மையான இணை என்று நினைக்கிறேன். ஒலி முடிந்ததா இல்லையா என்று தெரியாத அந்த ஓரம். அப்படியொரு ஓரம் இல்லாத இடத்தில் சும்மா நாலு எண்ணிக்கை ஓய்வு விட்டுவிட்டு அதைக் காலி இடம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலி இடமே இல்லாத ஓவியரும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஹுவாங் பின்ஹோங் (1865–1955) மை மேல் மை, அதன் மேல் மை என்று அடுக்கிக்கொண்டே போவார். மலை இருட்டாக இருக்கும், நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை மிஞ்சும். 1952 வாக்கில் கண்புரை முற்றி ஏறக்குறையப் பார்வை போய்விட்டது, அப்போதும் வரைந்தார். அந்த ஆண்டின் ஓவியத் தொகுப்பை வைத்துத்தான் இசையமைப்பாளர் லெய் லியாங் பல ஆண்டுகள் வேலை செய்தார். அதிலிருந்து வந்த 'எ தௌசண்ட் மவுண்டன்ஸ், எ மில்லியன் ஸ்ட்ரீம்ஸ்' 2021-ல் இசையமைப்புக்கான கிராவ்மெயர் விருது பெற்றது. ஆர்கெஸ்ட்ரா படைப்பு, இழையின் எல்லைக்கு வெளியே போகிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நெய்தல்நாடன்

தூரிகையின் பதிவை நான் சேமித்து வைத்துக்கொண்டேன்.

சிராங்கூன்வாசி சொல்லும் இரண்டு உலகங்களும் சந்திக்கும் ஓர் ஆள் இருக்கிறார்: மீனவர். கவனித்துப் பாருங்கள். சௌவின் 'யூ கோ' மீனவர் பாட்டு. ஜோ லோங்கின் ஸ்ட்ரிங் குவார்டெட் 'சாங் ஆஃப் த சின்' (1982) பழைய சீனக் கவிஞர் லியூ சோங்யுவானின் முதிய மீனவர் கவிதையிலிருந்து வந்தது. பிரைட் ஷெங் செல்லோ கலைஞர் யோ-யோ மாவுக்காக எழுதிய 'செவன் ட்யூன்ஸ் ஹேர்ட் இன் சைனா' (1995) தனிச் செல்லோ படைப்பில் ஒரு பகுதி குடித்த மீனவர், அதுவும் குச்சின் பாட்டிலிருந்து. ஓவியத்திலும் அதே ஆள்தான். யுவான் அரச மரபுக் காலத்து வூ சென் (1280–1354) படகும் தூண்டிலுமாகச் சுருள் முழுக்க மீனவர்களை வரைந்தார்.

இந்த மீனவர் யார்? லியூ சோங்யுவான் பதவி பறிக்கப்பட்டு யோங்சோவுக்குத் துரத்தப்பட்ட அதிகாரி. ஆற்றில் தனியாகப் போகும் கிழவரைத் தன்னுடைய விடுதலையாகப் பார்த்தார். கடலோரத்தில் பிறந்தவனாகச் சொல்கிறேன், அந்தக் கிழவருக்கு வலை கிழியாது, மீன் படாத நாள் இல்லை, கடன்காரர் இல்லை. அவர் படித்தவர் கண்ட மீனவர். அந்த ஏக்கம் உண்மையானது, அந்த இசையும் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் அது நாட்டுப்புற இசை என்று யாராவது எழுதினால் எனக்கு ஒப்பவில்லை. 'சியாவ் பாய் சாய்' வேறு. அது நிஜமாகவே வாய்வழி வந்த பாட்டு, அழுவது நிஜமான பிள்ளை.

அதே 'சியாவ் பாய் சாய்' பிரைட் ஷெங்கின் ஏழிலும் ஒன்றாக வருகிறது என்பதைச் சொல்லவும்தான் இதை எழுதினேன்.

மறுதலை

மீனவர் பற்றிய பதிவு எனக்கு நிறையத் திறந்துவிட்டது. கார்குழலி சொன்ன விரல் ஆதாரத்தை முழுதாக ஏற்கிறேன், சோங் பிங் சுவர்ப் படங்களின் முன் வாசித்ததையும் ஏற்கிறேன். 'யூ கோ'வில் குச்சின் இருக்கிறது. ஆனால் கேள்வி ஓவியம் இந்தப் படைப்புகளுக்குள் இருக்கிறதா என்பது. இந்த இசையமைப்பாளர்கள் எல்லோரும் ஓவியத்துக்கும் குச்சினுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைப் பேசுகிறார்கள், கேட்கிற எனக்குக் கிடைப்பது குச்சின் மட்டுமே.

சௌவின் 'எக்கோஸ் ஃப்ரம் த கார்ஜ்' (1989) கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நாலு தாளவாத்தியக்காரர்கள். மூங்கில் இலையில் மழைத்துளி, குளிர் ஊற்றருகே பழைய மரம், பாறையில் வழியும் துளிகள் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பு. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மரம், உலோகம், தோல் என்று ஒலியின் நிறத்தைப் படிப்படியாக மாற்றும் விதம் அவ்வளவு துல்லியம். தலைப்புகளை மறந்துவிட்டு இரண்டாம் தடவை கேட்டேன், ஒன்றும் குறையவில்லை. அதனால்தான் தலைப்பு தேவையா என்று மறுபடி கேட்கிறேன்.

கார்குழலி

குறையவில்லை என்றால் படைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தலைப்பு பொய் என்று அர்த்தம் ஆகாது. குச்சின் பாட்டுகளுக்குத் தலைப்பு மட்டுமில்லை, உள்பகுதிகளுக்கும் பெயர் வைப்பது பழைய சுவடிகளிலேயே வழக்கம். சௌ அந்த மரபில் நின்று பெயர் வைக்கிறார். வாசிக்கிறவர் எந்த மனநிலையில் விரலை வைக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது, கேட்கிறவர் படம் பார்ப்பதற்காக இல்லை. 'ஷியாவ் ஷியாங் ஷுவெய் யுன்' என்று தென் சோங் அரச மரபுக் காலத்துக் குவோ சூவாங்கின் பாட்டு ஒன்று உண்டு, இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் மேகம் மூடி ஜியூயி மலை தெரியாமல் போவது பற்றி. அதே ஷியாவ் ஷியாங் ஆற்றுக்காட்சிகள் எட்டை 11-ஆம் நூற்றாண்டில் சோங் டி வரைந்தார், பிறகு எத்தனையோ ஓவியர்கள் வரைந்தார்கள். நாடு வடக்கைப் பறிகொடுத்திருந்த காலத்தில் மறைந்துபோன மலை என்றால் அது வெறும் காட்சியா?

புதுச்செவி, உங்களுக்கு என் வரிசை. முதலில் சௌவே வேண்டாம். குவான் பிங்ஹூ வாசித்த 'லியூ ஷுவெய்', ஓடும் நீர். ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரோடு சேர்ந்து போயிருக்கிறது. சீனாவிலிருந்து எதை அனுப்பலாம் என்று கேட்டபோது இதைச் சொன்னவர் சௌ வென்-சுங்தான். நடுவில் விரல்கள் நரம்புகளின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டுகொண்டே இருக்கும் பகுதி வரும், அதன் அடியில் மெட்டு வழுக்கிப் போவதைப் பிடித்துவிட்டால் போதும். அடுத்து 'த வில்லோஸ் ஆர் நியூ'. அதற்கு அடுத்து 'கோஸ்ட் ஓபரா'வோ பிரைட் ஷெங்கோ, மனம் போனபடி. 'யூ கோ' கடைசியில்.

புதுச்செவி

'லியூ ஷுவெய்' கேட்டேன் அக்கா. அந்த உருளுற பகுதியில இரைச்சல்தான் முதல்ல வந்துச்சு, தண்ணி மாதிரி. மறுபடி போட்டுக் கேட்டப்போ அடியில மெட்டு தெரிஞ்சுது. விரல் தேய்க்கிற சத்தம் அவ்வளவு கிட்ட கேக்குது. இப்ப வர்ற குச்சின் பதிவுகள்ல அந்தச் சத்தம் குறைவா இருக்கே, ஏன்?

நெய்தல்நாடன்

இடையில் தாளக்காரர்களுக்கு ஒன்று. 'பாபான்' என்று சீனாவில் பரவலான பழைய வாத்திய மெட்டு ஒன்று உண்டு. எட்டு வரி, வரிக்கு எட்டு அடி, ஐந்தாவது வரிக்கு மட்டும் நாலு அடி கூடுதல், மொத்தம் 68. சென் யீ இதன் மெட்டைவிட இந்தக் கணக்கைத்தான் அதிகம் எடுத்தாள்கிறார். எட்டுப் பேருக்கான 'ஸ்பார்க்கிள்' (1992) கேட்டால் நாட்டுப்புறம் என்று எதுவும் காதில் தட்டாது, பளபளவென்று ஓடும் நவீன இசை. ஆனால் எலும்புக்கூடு ஊர்ப்புறத்து வாத்தியக்காரர்களுடையது. மறுதலை கேட்ட "இசைக்குள் ஆதாரம்" இங்கே எண்ணிப் பார்க்கும்படி இருக்கிறது.

சிராங்கூன்வாசி

இது நல்ல செய்தி. மெட்டை மேலே ஒட்டாமல் கணக்கை உள்ளே வைப்பது. ஆனால் 'ஸ்பார்க்கிள்' மாதிரிப் படைப்புகளில் அந்த ஊர் வாத்தியக்காரருக்குத் தன் சொத்து அடையாளம் தெரியாதே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. 'கோஸ்ட் ஓபரா'வில் அவருக்குத் தெரியும். எங்கள் பேட்டைக் கொட்டகையில் சேகண்டி தட்டுகிற கிழவருக்கும் தெரியும்.

கார்குழலி

புதுச்செவியின் கேள்வி விட்டுப்போய்விட்டது. குவான் பிங்ஹூ (1897–1967) வாசித்தது பட்டு நரம்பில். பட்டு இழைகளை முறுக்கிச் செய்வது, மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், விரல் போகும்போது உரசும். பின்னால் எஃகுக் கம்பியின் மேல் நைலான் சுற்றிய நரம்பு வந்தது. சத்தம் கூடுதல், அறுவது குறைவு, ஒலி நீண்ட நேரம் நிற்கும், உரசல் குறைவு. இன்று பெரும்பாலானோர் அதைத்தான் கட்டுகிறார்கள். பட்டுக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பட்டு நரம்பு என்று தேடினால் புதிய பதிவுகள் கிடைக்கும், 'லியூ ஷுவெய்'யை இரண்டு விதத்திலும் கேட்டுப் பாருங்கள். குவான் பிங்ஹூ ஓவியரும்கூட என்பதை மறுதலைக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.